நான் விழுங்கிய ஒரு சொல்

சீலா, உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் அம்மா, "மவனுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. நீ கேட்டிருப்பது மேலுக்குப் பார்த்தால் பெரிய காரியமில்லை. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு உன் நிதிக் கம்பெனி மேனேஜரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறாய். வேலையிலிருந்து ஓய்ந்து சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கும் ஆட்களை நான் வாசிகசாலையில் கூட்டி வைக்க வேண்டும். மேனேஜர் இங்கிலீஷில் பேசுவார், நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "அப்பா சொன்னா சனங்க நம்பும்" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிதான் நான்கு நாளாக என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஏன் என்று இன்று எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

நீ வரப்போகிற செய்தி உன் கடிதத்துக்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டது. யார் மூலம் என்று தெரியவில்லை. நேற்று ராமாயி அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். முப்பது வருசத்துக்கு மேல் இந்த மலையில் கொழுந்தெடுத்த மனுசி அவள். உன் மஞ்சட்காமாலைக்கு மூலிகை அரைத்துக் கொடுத்ததும் அவள்தான். வங்கிப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். "ஐயா, நம்ம தம்பி கம்பெனியில வட்டி நல்லா குடுக்கிறாங்களாமே. வங்கியில இருக்கிறத எடுத்துப் போட்டுரவா?" என்று கேட்டாள். அவசரப்படாதே, தம்பி வரட்டும், விசாரித்துப் பார்ப்போம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "என்னங்கய்யா விசாரிக்கிறது? நம்ம புள்ள சொன்னா பொய்யா இருக்குமா?" என்றாள்.  நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லாமலே ஒருவனைக் கவிழ்க்க முடியும் என்பது எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் அம்மாவும் சிரிப்பது உண்டு. அது பிறவியில் வந்ததில்லை, அலுவலகத்தில் பழகியது. கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறுபதுகளின் நடுவில், கொழும்புத் தேயிலைத் தரகர்களிடமிருந்து வாரத்துக்கு ஓர் அறிக்கை வரும். இந்த வாரம் என்ன விலை போயிற்று, வரும் வாரங்களில் எப்படி இருக்கும் என்று அழகான இங்கிலீஷில் அச்சடித்திருப்பார்கள். துரை அதைப் படித்துவிட்டு என்னிடம் தருவார், நான் கோப்பில் போட்டு வைப்பேன். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டு, நாலைந்து நாள் அலுவலகத்தில் வேலை எதுவும் இல்லை. அந்தக் கோப்பை எடுத்து, முன்கூட்டி அவர்கள் சொன்னதையும் பிறகு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. விலை ஏறும் என்று எழுதி இறங்கிப் போனால், அடுத்த அறிக்கையில் அது ஏன் இறங்கத்தான் வேண்டும் என்று விளக்கம் வந்துவிடும். தவறிவிட்டோம் என்று ஓர் இடத்திலும் ஒரு சொல் கிடையாது. போன வாரம் தெரியாத காரணம் இந்த வாரம் எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று துரையிடம் கேட்டேன். அவர் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எழுதுறதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம், கிளாக்கர்" என்று சிரித்தார்.

அன்று முதல் வருங்காலத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இவர் சொன்னது பொய்த்தால் இவருக்கு என்ன நட்டம்? தரகருக்கு நட்டமில்லை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் உடுக்கை அடித்துக் குறி சொன்ன கருப்பையாக் கோடாங்கிக்கும் நட்டமில்லை. கோடாங்கியிடம் போகிறவர்களை நான் கேலி செய்வேன். அறிக்கையை நம்புகிற கனவான்களையும் மனதுக்குள் கேலி செய்வேன். இரண்டும் ஒரே தொழில், ஒன்றுக்கு உடுக்கை, மற்றதற்கு அச்சு இயந்திரம் என்று பெரிய மேதாவிபோல் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்படிப்பட்ட நான்தான் கண்ணைத் திறந்துகொண்டே ஒரு குடும்பத்தைக் கடல் கடக்க வைத்தேன்.

உன் சவரிமுத்து மாமாவை உனக்கு நினைவிருக்கும். அம்மாவின் மூத்த அண்ணன். துரையின் கார் டிரைவராக இருபது வருசம் இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது அவருக்கு வேலை போயிற்று. கையிலிருந்ததைப் போட்டு ஒரு பழைய லொறி வாங்கினார். மொனராகலை, வெல்லவாயப் பக்கம் போய்ச் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்களிடம் காய்ந்த மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து பதுளைக் கடைகளுக்குப் போடுவார். வெளிநாட்டிலிருந்து மிளகாய் வருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. உள்ளூர் மிளகாய்க்குத் தங்கத்தின் மதிப்பு. மாமா நிமிர்ந்து நடந்தார். ஆனால் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பிரஜாவுரிமை எழுதிக் கொடுத்த காலத்தில் எனக்கு இலங்கை கிடைத்தது, அவருக்கு இந்தியா கிடைத்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தும் அவர் போகவில்லை. விசாவை நீட்டி நீட்டி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். "எனக்கு அங்க யாரு மச்சான் இருக்கா? எங்கப்பன் பொறந்த ஊரு பேருகூட எனக்குச் சரியா வராது" என்பார். நல்ல லொறி ஒன்றை என் பெயரில் வாங்கி ஓட்டினால், எப்படியாவது இங்கேயே காலத்தைக் கழித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அதற்காக அந்த வருசம் வாங்கிய மிளகாயை விற்காமல் ஹாலிஎல ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அறையை வாடகைக்கு எடுத்து அடுக்கிக்கொண்டே போனார். அந்தத் தெருவில் போனால் தும்மாமல் வர முடியாது.

எழுபத்தேழாம் வருசப் பொதுத் தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது பதுளையில் ஒரு மண்டபத்தில் வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். சிங்களத்தில் சொல்ல ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். தமிழில் சொல்ல யாருமில்லை என்று என்னைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். நிபுணர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். கீழே இடது மூலையில் தொடங்கி மேலே வலது மூலைக்குப் போகும் கோடு. அதுதான் மிளகாய் விலை. ஒரு மணி நேரம் பேசினார். முதல் பத்து நிமிடம் அவர் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். பிறகு பார்த்தால், முன்வரிசையில் இருந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதுளைக் கடைவீதியில் என்னைக் கண்டும் காணாததுபோல் போகிற பெரிய முதலாளிமார் என் வாயிலிருந்து அடுத்த சொல் எப்போது விழும் என்று காத்திருந்தார்கள். சீலா, அந்தச் சுகத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. இந்த வயதில் உனக்கு அது கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் பயப்படுகிறேன்.

கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மாமா எழுந்து நின்றார். "இந்தக் கோடெல்லாம் எனக்கு வெளங்காதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. மொளகா வெல எறங்குமா, எறங்காதா?" மண்டபம் சிரித்தது, ஆனால் எல்லோரும் கேட்க நினைத்த கேள்வி அதுதான். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். நிபுணர் புன்னகைத்துக்கொண்டே சொன்ன பதில் இன்றும் எனக்கு மனப்பாடம். இப்போதைய கொள்கை தொடர்ந்தால், விலை இறங்குவதற்கு எந்தக் காரணத்தையும் தான் காணவில்லை என்றார். நான் நிமிர்ந்து, குரலை உயர்த்தி, "விலை இறங்க எந்தக் காரணமும் இல்லை என்று சொல்கிறார்" என்றேன். தொடர்ந்தால் என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டால் பதில் வளவளவென்று ஆகிவிடும் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. எடுப்பாகத்தான் இருந்தது. கை தட்டினார்கள்.

மாமா அதோடு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், மாதா கோவில் சுவாமியாருக்குத் தெரியாமல், ஒரு சேவலையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டு கீழ்க்கணக்குக் கோடாங்கியிடம் போனார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கருப்பையா பகலில் புல்லு வெட்டுகிற ஆள். வேட்டியை மாற்றிக்கொண்டு உடுக்கையைக் கையில் எடுத்தால் முகமே வேறாகிவிடும். உடம்பு குலுங்க, "செவப்பா ஒண்ணு ஒன் எடத்துல தங்கியிருக்கு. தங்கட்டும். காத்து மாறுற வரைக்கும் அத யாரும் தொட மாட்டாங்க" என்றார். பக்கத்தில் அவருடைய மைத்துனன் ஒருவன் இருந்தான். கோடாங்கி சொல்வதை வந்தவர்களுக்கு விளக்குவது அவன் வேலை. அவன் மாமாவின் காதருகே குனிந்து, "சரக்க வெச்சிருங்கன்னு சாமி சொல்லுது" என்றான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மிளகாய் அறை இருக்கும் தெருவில் தும்மாத ஆள் இல்லை, சிவப்பாக ஒன்று தங்கியிருப்பது சாமிக்குத் தெரிந்ததில் என்ன அதிசயம் என்று நினைத்தேன். மாமா என் கையைப் பிடித்து, "பாத்தீங்களா மச்சான், படிச்சவரும் அதான் சொன்னாரு, சாமியும் அதான் சொல்லுது" என்றார். காற்று மாறுகிற வரைக்கும் என்ற பேச்சை அந்த மைத்துனன் விட்டுவிட்டான் என்பதை நான் உடனே கவனித்தேன். அதே வேலையை நான் ஐந்து நாளைக்கு முன்பு செய்திருந்தேன் என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை.

அந்த வாரமே காசிம் நானா வந்தார். பதுளைக் கடைவீதியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்தவர். அறையைத் திறந்து காட்டச் சொல்லி, மிளகாயைக் கையில் எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்தார். "எல்லாத்தையும் நான் எடுக்கிறேன். இண்டக்கி வெலக்கித் தாங்க" என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான், "இன்னும் ஏறும்னு சொல்றாங்களே நானா, நீங்களும் கூட்டத்துல இருந்தீங்களே" என்றேன். அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நாளக்கி வெல தெரியா. இண்டக்கி வெல தெரியும். நாளக்கி வெல தெரிஞ்சவங்க எதுக்கு கொழும்புலேருந்து பஸ் ஏறி வந்து நமக்குச் சொல்லணும், அவங்களே வாங்கி வெக்கலாமே?" என்றார். அது எவ்வளவு நேர்மையான பேச்சு! என் சந்தேகப் புத்தி அதை நம்பவிடவில்லை. வாங்குகிறவர் அவசரப்படுகிறார் என்றால் ஏதோ தெரிந்துதான் அவசரப்படுகிறார் என்று கணக்குப் போட்டேன். அவர் போன பிறகு மாமாவைத் தனியே கூப்பிட்டு, "குடுத்துராதீங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொன்னது நான்தான். நிபுணரும் சொல்லவில்லை, கோடாங்கியும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்ன ஒரே மனுசனைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. கொஞ்ச நாளில் இறக்குமதித் தடை நீங்கி, கொழும்புத் துறைமுகத்தில் எல்லாச் சரக்கும் இறங்கத் தொடங்கியது. கடைகளில் துணி, ரேடியோ, பிஸ்கட் என்று குவிந்தபோது நாங்களும் மற்றவர்களைப்போல் வாய் பிளந்து பார்த்தோம். பிறகு வெளிநாட்டு மிளகாயும் வந்தது. பளபளவென்று, நம்முடையதைவிட நீளமாக. விலை விழுந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. மாமா காசிம் நானாவிடம் போனார். அவர் மாமாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "இப்ப என்னால எடுக்க ஏலாது, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் ஹாலிஎல மழை தொடங்கிவிட்டது. மொனராகலை வெயிலில் காய்ந்த மிளகாய் இந்த ஈரத்தைத் தாங்குமா? மூட்டைகளின் அடியில் பூஞ்சணம் பிடித்தது. மாமாவும் அத்தையும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கெட்டதை ஒதுக்கி நல்லதைப் பொறுக்கினார்கள். நானும் அம்மாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உதவினோம். நால்வர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. எது மிளகாயால் வந்தது, எது மனதால் வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முடிந்தமட்டும் அடிமாட்டு விலைக்குப் போனது போக, மிச்சத்தைப் பள்ளத்தில் கொட்டினார். லொறியும் போயிற்று. கையில் மிஞ்சியது பாஸ்போர்ட் ஒன்றுதான்.

நீ அப்போது பண்டாரவளையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். மாமா இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று உனக்கு ஒரு தபாலட்டையில் எழுதினேன், அவ்வளவுதான். இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கப்பலேற்றக் கொண்டுபோன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டேசனிலும் ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்புகிறவர்களும் அழுவார்கள். மாமா அழவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்து, "தங்கச்சிய நல்லா பாத்துக்கங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். என்னைக் குறை சொல்லி ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா அன்றிலிருந்து மூன்று மாதம் சமையலில் காய்ந்த மிளகாய் போடவில்லை. பச்சை மிளகாயிலேயே குழம்பு வைத்தாள். 

இதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கருப்பையாக் கோடாங்கி நம் வீட்டு வாசலுக்கு ஒரு சேவலைக் கொண்டுவந்தார். "அவருகிட்ட வாங்கினதத் திருப்பிக் குடுக்கணும்னு பாத்தேன், அதுக்குள்ள போயிட்டாருன்னாங்க. நீங்க வச்சுக்கங்கய்யா" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. கொழும்பு நிபுணருக்கு இல்லாத கூச்சம் புல்லு வெட்டுகிற மனுசனுக்கு இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் கோடாங்கி சேவலைத் திருப்பிக் கொடுத்தாராம் என்ற பேச்சு தோட்டம் முழுக்கப் பரவி, அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவரிடம் வருகிறவர்கள் கூட்டம் கூடிவிட்டது. இவ்வளவு நாணயமான கோடாங்கி வேறு எங்கே கிடைப்பார் என்று ஹாலிஎலவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒரு சேவலுக்கு இத்தனை வருமானமா என்று எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. அவர் மனதறிந்து செய்தாரா, தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அவரைக் கண்டால் கும்பிடத்தான் செய்கிறேன், கொஞ்சம் தள்ளி நின்று.

இரண்டாவது, அந்த நிபுணர் இரண்டு வருசம் கழித்து மறுபடியும் பதுளைக்கு வந்தார். இப்போது இறக்குமதி எப்படி நாட்டை வளர்க்கும் என்று பேச வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே மெல்லிய குரல், கரும்பலகையில் வேறு ஒரு கோடு. கூட்டம் முடிந்ததும் நான் போய் எதிரில் நின்றேன். என் மைத்துனர் உங்கள் பேச்சை நம்பி வீடு வாசலை விட்டுப் போய்விட்டார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.  அவர் கோபப்படவில்லை. தோல்பையைத் திறந்து பதுளைக் கோப்பிலிருந்து பழைய கூட்டத்தின் பேச்சும் கேள்வி பதிலும் அடங்கிய தட்டச்சுப் பிரதியைத் தேடி எடுத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். இப்போதைய கொள்கை தொடர்ந்தால். "நான் சொன்னேனே" என்றார். அதற்குப் பிறகு என்னை உற்றுப் பார்த்து, "மொழிபெயர்த்தது நீங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆனாலும் இவ்வளவு வருசம் யோசித்ததில் அவரையும் நான் முழுதாக விட்டுவிடவில்லை. தேர்தல் சில மாதத்தில் வரப்போகிறது என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொள்கை தொடருமா என்பதுதான் கேள்வியே. அதைத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. ஒரு சின்னச் சொல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் புன்னகைத்தார். கோடாங்கி காற்று என்று சொன்னதும் அதுதான். தப்பித்துப் போக ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருவரும் பேசினார்கள். அந்த வாசலை வந்தவர்களுக்குத் தெரியாமல் மூடிவிடுவதற்கு ஒருவருக்கு மைத்துனன் இருந்தான், இன்னொருவருக்கு நான் இருந்தேன்.

இப்போது உன் கம்பெனிக்கு வருகிறேன். நீ அனுப்பிய துண்டுப் பிரசுரத்தை மூன்று தரம் படித்தேன். வங்கியைவிட இத்தனை மடங்கு வட்டி எங்கிருந்து வருகிறது என்று அதில் எங்குமே எழுதவில்லை. நாடு வளர்கிறது, நிலத்தின் விலை ஏறுகிறது, வாகனத்தின் விலை ஏறுகிறது, ஆகவே தொடர்ந்து ஏறும் என்று உன் மேனேஜர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அந்த மேனேஜருடைய சொந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாயா? ராமாயி அக்காவின் காசு திரும்பாவிட்டால் அவருடைய மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயாவது குறையுமா? சனங்களைக் கூட்டி வரும் உனக்கு அவர் என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறார்? கோபப்படாதே. இந்தக் கேள்விகளை நான் என்னிடம் அந்த மண்டபத்தில் கேட்டிருக்க வேண்டும். அன்று எனக்குக் கூலி பத்து ரூபாயும் ஒரு மதியச் சாப்பாடும். அதற்காக நான் செய்யவில்லை, கை தட்டலுக்காகச் செய்தேன். உன்னிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அன்று இருக்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு, அம்மாவுக்குத் தெரியாமல் இதை உனக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றியது. இன்று மத்தியானம் அவளை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். நான் விழுங்கிய சொல்லைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "படிங்க, எனக்குத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணன்தான் சொல்லிச்சு, போறதுக்கு மொத நாளு. இருவது வருசம் தொரைக்குக் காரோட்டின மனுசனுக்கு அந்த இங்கிலீசு கூடவா வெளங்காது? மச்சான் அந்த வார்த்தைய விட்டுட்டாரு, எனக்கும் கேட்டுச்சு தங்கச்சி, ஆனா எனக்கும் அது இல்லாமத்தான் வேண்டியிருந்துச்சுன்னு சொல்லிச்சு. மச்சான்கிட்ட சொல்லிராத, மனசு ஒடஞ்சிருவாருன்னும் சொல்லிச்சு."  இத்தனை வருசம் அந்தப் பாரத்தை நான் ஒருவனே சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதில் பாதியை அவர் எடுத்துக்கொண்டு கோச்சி ஏறியிருக்கிறார். இதைக் கேட்ட பிறகு எனக்கு நிம்மதி வரவில்லை, சீலா, பயம்தான் கூடியது. சொல்கிறவனும் ஆசைப்பட்டு, கேட்கிறவனும் ஆசைப்பட்டால் நடுவில் உண்மைக்கு எங்கே இடம்? ராமாயி அக்காவும் உன் வாயிலிருந்து எதைக் கேட்க வேண்டும் என்று முன்பே முடிவு பண்ணிவிட்டுத்தான் வாசிகசாலைக்கு வருவாள்.

இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தில் உன் கம்பெனி இரண்டு மூன்று வருசத்தில் கவிழ்ந்துவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா என்னை நிறுத்தினாள். "அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் உடுக்கையத் தூக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.  அந்த வரியை மை போட்டு அடித்துவிட்டேன். உன் கம்பெனி நிலைக்குமா, கவிழுமா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் மேனேஜருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சனங்களுக்கு முன்னால் எழுந்து நின்று, காசு திரும்பி வருமா என்று ராமாயி அக்கா கேட்கும்போது, "எனக்குத் தெரியாது அக்கா" என்று உன் வாயால் உன்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எழுது, கூட்டத்தை நானே கூட்டுகிறேன். முடியாது என்றால் மேனேஜரைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு நீ மட்டும் வா. அம்மா காய்ந்த மிளகாயும் மாசிக் கருவாடும் சேர்த்துச் சம்பல் அரைத்து வைப்பாள்.

அப்பா